ஜோசப் புலிட்சரின் காகிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புலிட்சர் என்றால் பரிசுதானே? இந்தக் காகிதங்கள் யாருடையவை?

அந்தப் பரிசு யார் பெயரில் இருக்கிறதோ, அவருடையவைதான். ஜோசப் புலிட்சர் 1847-இல் ஹங்கேரியின் மாக்கோ ஊரில் பிறந்தவர். 1864-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அமெரிக்காவுக்கு வந்து குதிரைப்படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போய்க் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1868-இல் அங்கிருந்த ஜெர்மன் மொழிப் பத்திரிகை ஒன்றில் நிருபரானார். பத்தே ஆண்டுகளில், ஏலத்துக்கு வந்த ‘டிஸ்பாட்ச்’ பத்திரிகையை 2,500 டாலருக்கு எடுத்து, ‘போஸ்ட்’ என்ற இன்னொரு பத்திரிகையோடு இணைத்தார். 1883-இல் ரயில்வே முதலாளி ஜே கூல்டிடமிருந்து ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையை 3,46,000 டாலருக்கு வாங்கினார். அதை அமெரிக்காவிலேயே அதிகம் விற்கும் பத்திரிகைகளில் ஒன்றாக மாற்றினார்.

1911-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கடிதங்கள், தந்திகள், குறிப்புகள், கணக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ‘புலிட்சர் காகிதங்கள்’ என்கிறோம். பரிசுகள் 1917-இல்தான் தொடங்கின. அவற்றை அவர் பார்க்கவில்லை.

இவை எங்கே இருக்கின்றன?

இரண்டு இடங்களில். ஒன்று வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் பிரிவு. இன்னொன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உள்ள அரிய நூல்கள், கையெழுத்துப் பிரதிகள் நூலகம். ‘வேர்ல்ட்’ பத்திரிகையின் அலுவலக ஆவணங்களும் கொலம்பியாவில்தான் இருக்கின்றன.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். காங்கிரஸ் நூலகத்தில் ஜோசப் புலிட்சர் என்ற பெயரில் இரண்டு தொகுப்புகள் உண்டு. ஒன்று தந்தையுடையது, மற்றது அதே பெயர் கொண்ட மகனுடையது. செயின்ட் லூயிஸ் பத்திரிகையைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர் அந்த மகன். பெட்டி கேட்டு எழுதும்போது எந்த ஜோசப் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். 1930-களின் கடிதம் ஒன்று கையில் வந்தால் அது மகனுடையது.

ஒரு பத்திரிகை முதலாளி ஏன் இவ்வளவு எழுதினார்? அலுவலகத்தில் உட்கார்ந்து வாயால் சொன்னால் போதாதா?

இந்தத் தொகுப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்கச் சொல்வேன்.

பெரும்பாலான பத்திரிகை முதலாளிகளின் முக்கியமான பேச்சு காற்றோடு போய்விடுகிறது. ஆசிரியரைக் கூப்பிட்டு, ‘இந்தச் செய்தியை முதல் பக்கத்தில் போடு, அதை எடுத்துவிடு’ என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு ரசீது கிடையாது. புலிட்சரும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தார். ஆசிரியர் குழுவின் நடுவே நின்று, உரக்கப் பேசி வேலை வாங்கியவர்.

1887 வாக்கில் அவர் கண் பழுதானது. விழித்திரை பிரிந்துவிட்டதாக மருத்துவர்கள் கண்டார்கள். இருட்டறையில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். பார்வை திரும்பவில்லை. நாற்பதைத் தாண்டியதும் ஏறக்குறைய முழுக் குருடு. நரம்புத் தளர்ச்சியும் கூடவே வந்தது. சின்னச் சத்தம்கூடத் தாங்க முடியாத நிலை. மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் இருந்த வீட்டில் கனத்த சுவர்களோடு ஒரு பகுதியே கட்டிக்கொண்டார். அதற்கு ‘மௌனக் கோபுரம்’ என்று பெயர் வந்துவிட்டது. 1890-இல் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் ‘வேர்ல்ட்’ பத்திரிகையின் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. அப்போது நியூயார்க்கிலேயே மிக உயரமான கட்டடம் அது. திறப்பு விழாவுக்கு உரிமையாளர் வரவில்லை.

ஆனால் பிடியை மட்டும் விடவில்லை. அடுத்த இருபது ஆண்டுகள் ஐரோப்பாவிலும், மேய்ன் கடற்கரையிலும், ஜார்ஜியாவின் ஜெகில் தீவிலும், ‘லிபர்டி’ என்ற தன் கப்பலிலும் இருந்தபடியே பத்திரிகையை நடத்தினார். எப்படி? காகிதத்தால்தான். காலையில் செயலாளர்கள் பத்திரிகைகளை வாசித்துக் காட்டுவார்கள். அவர் கேட்டுவிட்டுச் சொல்வார், அவர்கள் எழுதுவார்கள். அது தந்தியாகவோ கடிதமாகவோ நியூயார்க் போகும். அங்கிருந்து அறிக்கைகள் திரும்பி வரும்.

ஆக, மற்ற முதலாளிகள் வாயால் சொல்லி மறந்த ஆயிரம் கட்டளைகள் இவரிடம் எழுத்தாகிவிட்டன. அவருக்குக் கண் தெரிந்திருந்தால் நமக்கு இந்த ஆவணம் கிடைத்திருக்காது. ஒரு மனிதனின் துன்பத்தை வைத்து இப்படிச் சொல்வது மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான். இந்தப் பெட்டிகளைப் படிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

பெட்டிகளுக்குள் என்ன மாதிரியான காகிதங்கள் இருக்கின்றன?

குடும்பக் கடிதங்கள், ஆசிரியர்களுக்கும் மேலாளர்களுக்கும் போன உத்தரவுகள், அவர்களிடமிருந்து வந்த அறிக்கைகள், தந்திகள், விற்பனைக் கணக்குகள், வீட்டுச் செலவுகள், வழக்குக் காகிதங்கள். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை கீழிருந்து மேலே போன அறிக்கைகள். முதலாளி தொலைவில் இருப்பதால் எல்லாவற்றையும் விளக்கி எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. அலுவலகத்தில் யார் யாரோடு மோதினார், போட்டிப் பத்திரிகை எத்தனை பிரதி விற்றது என்பது வரை போகும்.

சங்கேத மொழியில் எழுதினார்கள் என்பது நிஜமா?

நிஜம்தான். தந்தி பல கைகள் மாறிப் போகும். போட்டியாளர் காதுக்கு எட்டிவிடுமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அதனால் முக்கியமான ஆட்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கட்சிகளுக்கும் தொகைகளுக்கும் ஒரு தனி அகராதியே தயாரித்து வைத்திருந்தார்கள்.

அதில் புலிட்சரின் பெயர் ‘ஆண்டீஸ்’, அந்த மலைத்தொடரின் பெயரேதான். ‘வேர்ல்ட்’ பத்திரிகைக்குப் பெயர் ‘சீனியர்’. போட்டியாளர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் ‘கஷ்’, அவருடைய ‘ஜர்னல்’ பத்திரிகை ‘ஜெரேனியம்’, அது ஒரு பூச்செடியின் பெயர். தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு ‘குளூட்டினஸ்’, அதாவது பிசுபிசுப்பானது.

அகராதி தெரியாமல் படித்தால் ஒரு பூச்செடி விற்பனையில் முந்துகிறது, ஒரு மலை அதைக் கேட்டுக் கோபப்படுகிறது என்று தோன்றும். அடிக்கடி வரும் சங்கேதப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தால் நேரம் மிச்சமாகும்.

கண் தெரியாதவர் சொல்லி, இன்னொருவர் எழுதிய கடிதத்தை அவருடைய குரலாக எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கவனத்தோடு. அவரிடம் வேலை செய்த செயலாளர்கள் சாதாரண எழுத்தர்கள் அல்ல. படித்தவர்கள், பல மொழி தெரிந்தவர்கள், உலக நடப்பைப் பற்றி அவரோடு வாதாடக்கூடியவர்கள். பலர் இங்கிலாந்துக்காரர்கள். நீண்ட காலம் அவரோடு இருந்த ஆல்ஃபிரட் பியூட்ஸ் என்பவரை 1907-இல் லண்டன் பத்திரிகை முதலாளி நார்த்கிளிஃப் பிரபு தன்னிடம் இழுத்துக்கொண்டார். புலிட்சரை அது எவ்வளவு பாதித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பியூட்ஸ் போனது அவருடைய கண்களே போன மாதிரி.

அப்படிப்பட்டவர்கள் கேட்டு எழுதும்போது வாக்கியத்தைச் சீர்செய்திருக்கலாம், கடுமையைக் குறைத்திருக்கலாம். எனவே ஒரு கடிதத்தின் கருத்தை அவருடையது என்று நம்பலாம். அதன் நயமான ஒரு சொல்லை மட்டும் வைத்து அவர் மனநிலையைக் கணிப்பது சரியில்லை. ஒரே செய்தியை அவர் இரண்டு மூன்று பேருக்குச் சொல்லி எழுத வைத்திருந்தால் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றிலும் மாறாமல் இருப்பது அவருடைய குரல்.

பத்திரிகைப் பக்கங்களில் கிடைக்காத செய்தி இந்தக் காகிதங்களில் கிடைக்குமா? ஒரு எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

1899 ஜூலையைச் சொல்கிறேன்.

நியூயார்க் தெருக்களில் மாலைப் பத்திரிகைகளை விற்றவர்கள் சிறுவர்கள். 100 பிரதிகளை 50 சென்ட் கொடுத்து மொத்தமாக வாங்கி, பிரதி ஒரு சென்ட்டுக்கு விற்பார்கள். விற்காமல் போனால் நஷ்டம் அவர்களுக்கே. 1898-இல் ஸ்பெயினோடு போர் வந்தபோது விற்பனை எகிறியது. அதைக் காரணமாக வைத்து மொத்த விலையை 60 சென்ட்டாக ஏற்றினார்கள். போர் முடிந்ததும் மற்ற பத்திரிகைகள் பழைய விலைக்குத் திரும்பின. ‘வேர்ல்ட்’ பத்திரிகையும் ஹெர்ஸ்ட்டின் ‘ஜர்னல்’ பத்திரிகையும் மட்டும் திரும்பவில்லை. ஜென்ம விரோதிகள் இருவரும் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொண்டார்கள்.

சிறுவர்கள் விற்க மறுத்தார்கள். கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், வண்டிகளை மறித்தார்கள். நியூயார்க்கின் மற்ற பத்திரிகைகள் இதை விரிவாக எழுதின. சம்பந்தப்பட்ட இரண்டும் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. அந்த வாரங்களின் ‘வேர்ல்ட்’ இதழை மட்டும் படிப்பவருக்கு நகரத்தில் எதுவும் நடக்காத மாதிரிதான் இருக்கும்.

ஆனால் வணிக மேலாளர் டான் சீட்ஸ் முதலாளிக்கு எழுத வேண்டியிருந்ததே! அவர் அனுப்பிய அறிக்கைகளில் நிலைமை மோசமாகிறது, விளம்பரதாரர்கள் கலங்குகிறார்கள், விற்பனை சரிகிறது என்பதெல்லாம் மறைக்காமல் வருகிறது. பையன்களுக்குப் பொதுமக்கள் ஆதரவு இருக்கிறது என்பதும் தெரிகிறது. பத்திரிகை தன் வாசகர்களிடம் மறைத்ததைத் தன் உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறது.

சுமார் இரண்டு வாரத்தில் சமரசம். விலை 60 சென்ட்டாகவே நின்றது. ஆனால் விற்காத பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பத்திரிகைகள் ஒப்புக்கொண்டன. செருப்புகூட இல்லாத பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் நாட்டின் இரண்டு பெரிய பத்திரிகைகளைப் பணிய வைத்ததற்கு நேரடிச் சாட்சி அந்த முதலாளியின் காகிதங்களுக்குள்ளேயே இருக்கிறது. எளியவர்களின் குரலாக இருப்போம் என்று சொன்ன பத்திரிகை இது. 1885-இல் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்கு நிதி திரட்டியபோது, சில்லறைக் காசு கொடுத்தவர்களின் பெயரைக்கூட அச்சிட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து சுமார் ஒரு லட்சம் டாலர் சேர்த்த பத்திரிகை. அதே கையா இது என்று எனக்கு வலிக்கிறது. அவரை விரும்பிப் படிப்பவர்கள் இந்த அறிக்கைகளையும் கட்டாயம் படிக்க வேண்டும்.

ரூஸ்வெல்ட்டோடு நடந்த வழக்கு பற்றியும் இருக்கிறதா?

இருக்கிறது. பனாமா கால்வாய்க்காகப் பிரெஞ்சு நிறுவனத்துக்கு அமெரிக்கா 4 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணம் கடைசியில் யாரிடம் போனது என்று 1908-இல் ‘வேர்ல்ட்’ கேட்டது. அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடும் கோபம். நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியிலேயே புலிட்சரின் பெயரைச் சொல்லித் தாக்கினார். 1909-இல் மத்திய அரசே அவதூறு வழக்குத் தொடுத்தது. புலிட்சர் மீதும் தனிப்பட்ட முறையில் குற்றம் சாட்டப்பட்டது.

பார்வையில்லாத, உடல்நலம் கெட்ட, அறுபது தாண்டிய மனிதர் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்ற நிலை. அந்தச் செய்தி அச்சானபோது அவர் அலுவலகப் பக்கமே இல்லை. இருந்தாலும் பின்வாங்கவில்லை. 1911 ஜனவரி 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசின் வாதத்தைத் தள்ளியது. அரசைக் குறைசொன்னதற்காக மத்திய அரசு ஒரு பத்திரிகையை இப்படி இழுக்க முடியாது என்பது நடைமுறையில் உறுதியானது. தீர்ப்பின் சட்டக் காரணம் இதைவிடக் குறுகலானது: மாநிலச் சட்டமே போதுமானதாக இருக்கும்போது மத்திய அரசு தனியாக வழக்குப் போட வழியில்லை. தீர்ப்பைப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிட வேண்டாம்.

ஹெர்ஸ்ட்டோடு நடந்த மஞ்சள் பத்திரிகைச் சண்டை?

நிறையவே. ஒரு சின்னத் தகவல் மட்டும்: 1895-இல் ஹெர்ஸ்ட் வாங்கிய ‘ஜர்னல்’ பத்திரிகையை முதலில் தொடங்கியவர் புலிட்சரின் சொந்தத் தம்பி ஆல்பர்ட். அடுத்த ஆண்டே ‘வேர்ல்ட்’ பத்திரிகையின் ஞாயிறு மலர் ஆசிரியரை அவருடைய ஆட்களோடு சேர்த்து ஹெர்ஸ்ட் தூக்கிக்கொண்டு போனார். ஹெர்ஸ்ட்டின் பக்கத்தைப் படிக்க வேண்டுமானால் அவருடைய காகிதங்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பான்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கின்றன.

குடும்பக் கடிதங்களைப் படிப்பது நியாயமா?

எனக்கும் இந்தத் தயக்கம் உண்டு. மனைவி கேட், பிள்ளைகள் ஆகியோரோடு இருந்த உறவு சுமுகமானதல்ல. அவர் ஒரு கண்டத்தில், அவர்கள் வேறொரு கண்டத்தில் என்றுதான் பெரும்பாலும் வாழ்ந்தார்கள். மூத்த மகள் லூசில் 1897-இன் கடைசி நாளில் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தாள். வயது 17. அதற்குப் பிறகு எழுதியவற்றை வணிகக் கடிதம் படிப்பது போலப் படிக்க முடியாது. நேரம் எடுத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்குத் தேவையானால் மட்டும் படியுங்கள் என்பேன்.

இதழியல் பள்ளி தொடங்கும் யோசனை எப்படி உருவானது என்பது இந்தக் காகிதங்களில் தெரிகிறதா?

தெரிகிறது. இந்தத் தொகுப்பின் மிக அழகான பகுதியும் அதுதான் என்று சொல்வேன்.

1892-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திடம் இதழியல் பள்ளிக்குப் பணம் தருகிறேன் என்றார். அப்போதைய தலைவர் சேத் லோ ஏற்கவில்லை. பத்திரிகைத் தொழிலை வகுப்பில் கற்றுக்கொடுக்க முடியுமா என்று எல்லோரும் சந்தேகப்பட்ட காலம். பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே யோசனையைக் கையிலெடுத்து, நீண்ட குறிப்பாகச் சொல்லி எழுத வைத்தார். இதழியலும் மருத்துவம், சட்டம் போல மதிக்கப்பட வேண்டிய தொழில் என்பதுதான் அதன் சாரம். 1903-இல் புதிய தலைவர் நிக்கலஸ் மர்ரே பட்லர் ஒப்புக்கொண்டார். பணம் 20 லட்சம் டாலர். ஆனால் பள்ளி தன் காலத்துக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும் என்ற நிலைக்குப் பேச்சுவார்த்தை போனது. 1912-இல் பள்ளி தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை.

நூலகத்தில் ஆங்கிலம் கற்றுக்கொண்ட ஒரு குடியேறி, அடுத்து வருபவர்களுக்கு வகுப்பறை கட்ட இருபது ஆண்டு விடாமல் போராடியிருக்கிறார். அப்புறம், இன்னொன்று. கொலம்பியாவில் அவருடைய காகிதங்கள் இருக்கும் கட்டடத்தின் பெயர் பட்லர் நூலகம். ஒப்புக்கொண்ட அதே பட்லர்தான்.

இளமைக் காலக் கடிதங்கள் கிடைக்குமா?

அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தொகுப்பின் கனம் 1880-களுக்குப் பிறகுதான். வேலை தேடி அலைந்த இளைஞனின் கடிதங்களை யார் பத்திரப்படுத்தி வைக்கப்போகிறார்கள்?

எல்லாம் ஆங்கிலத்திலா?

பெரும்பாலும் ஆமாம். வீட்டில் ஜெர்மனும் ஹங்கேரியனும் பேசி வளர்ந்தவர் அவர். ஆங்கிலம் பிறகு கற்றது. ஜெர்மன் கடைசிவரை கூடவே இருந்தது. 1911 அக்டோபர் 29-ஆம் தேதி சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் நின்ற தன் கப்பலில், ஜெர்மன் செயலாளர் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் ஜெர்மனில் சொன்னது: ‘மெல்ல, மிக மெல்ல.’ அன்றே இறந்தார்.

நேரில் போய்ப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

காங்கிரஸ் நூலகத்தில் வாசகர் அட்டை இலவசம். 16 வயது நிரம்பிய யாரும், எந்த நாட்டவரும், அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைக் காட்டிப் பெறலாம். பேராசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு இடங்களிலும் போவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். சில பெட்டிகள் வேறு கிடங்கில் இருந்து வர வேண்டியிருக்கும். பேனா கூடாது, பென்சில் மட்டும். பை, மேலங்கி எல்லாம் வெளியே வைத்துவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முன் தொகுப்பின் விளக்கப் பட்டியலை இணையத்தில் படியுங்கள். எந்தப் பெட்டியில் எந்த ஆண்டு, யாருடைய கடிதம் என்று அதில் இருக்கும். ஆவணக் காப்பகங்கள் தொகுப்பின் அளவை அலமாரியில் எத்தனை அடி நீளம் என்றுதான் சொல்வார்கள். ஒரு அடி என்றால் ஆயிரத்துக்கும் மேல் தாள்கள். எல்லாவற்றையும் புரட்டிவிடலாம் என்று போகாமல், ஒரு ஆண்டையோ ஒரு மனிதரையோ தேர்ந்தெடுத்துக்கொண்டு போங்கள்.

கிடைத்த கடிதத்தை என் கட்டுரையில் அப்படியே வெளியிடலாமா?

புலிட்சர் எழுதியதை வெளியிடலாம். அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடப்படாத எழுத்துக்கு எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. அவர் இறந்து நூறாண்டுக்கும் மேலாகிவிட்டது. ஆனால் அவருக்கு வந்த கடிதங்கள் வேறு. அவற்றின் உரிமை எழுதியவருடையது. எழுதியவர் எப்போது இறந்தார் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கா போக முடியாதவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

காங்கிரஸ் நூலகம் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ‘வேர்ல்ட்’ பத்திரிகையின் மாலைப் பதிப்பான ‘ஈவினிங் வேர்ல்ட்’, நியூயார்க்கின் மற்ற பத்திரிகைகளான ‘சன்’, ‘ட்ரிப்யூன்’ எல்லாம் அதில் உண்டு. 1899 ஜூலை 20-க்குப் பிந்தைய பத்து நாள் இதழ்களை எடுத்து, பையன்களின் போராட்டத்தைப் பற்றி மற்ற இரண்டும் என்ன எழுதின, ‘ஈவினிங் வேர்ல்ட்’ என்ன எழுதவில்லை என்று பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். சீட்ஸின் அறிக்கைகளிலிருந்து எடுத்த பகுதிகள் பல வரலாற்று நூல்களில் வந்திருக்கின்றன. ஒப்பிட்டு முடித்த பிறகு அவற்றைப் படியுங்கள்.